பள்ளியிலிருந்து வீட்டுக்கு: ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத் தொடக்கக் கல்வியில் குடும்பத்தின் இடம்

"எம் பிள்ளை நல்லாப் படிக்குதா டீச்சர்?"

"நல்லாப் படிக்குது. வீட்டுலயும் கொஞ்சம் பாத்துக்கோங்க."

தமிழ்நாட்டின் எந்தத் தொடக்கப் பள்ளி வாசலிலும் கேட்கக்கூடிய பேச்சு இது. கேட்கும் தாய்க்கு அக்கறை இருக்கிறது. பதில் சொல்லும் ஆசிரியருக்கும் இருக்கிறது. ஆனாலும் அந்த இரண்டு வரிகளில் தகவல் என்று ஒன்றும் இல்லை. பிள்ளைக்கு எது வருகிறது, எதில் தடுமாறுகிறது, வீட்டில் எதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தெரியாமலேயே தாய் வேலைக்குக் கிளம்பிவிடுகிறார். தொடக்கக் கல்வியில் பெற்றோரின் பங்கு பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் குழுவையும் கூட்டத்தையும் தீர்மானத்தையும் நன்கொடையையும் பற்றியே பேசுகிறோம். பள்ளிக்கும் வீட்டுக்கும் இடையே போய்வரும் செய்தி எப்படிப்பட்டது என்ற கேள்வி அரிதாகவே எழுகிறது.

குடும்பம் பள்ளியோடு உண்மையாக இணைவதற்கு இரண்டு தேவை. தன் பிள்ளையின் கற்றலைப் பற்றிய துல்லியமான செய்தி அதற்குக் கிடைக்க வேண்டும். அந்தச் செய்தியை வைத்துக்கொண்டு செய்யக்கூடிய திட்டமான ஒரு வேலையும் வேண்டும். இவ்விரண்டும் இல்லாமல் எத்தனை குழு அமைத்தாலும் அது கையெழுத்தோடு நின்றுவிடும். இதை நிறுவிப் பார்க்க ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தைவிடப் பொருத்தமான இடம் எளிதில் கிடைக்காது.

இரண்டு ஊர்கள், பல வேலை நேரங்கள்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், மதுரையிலிருந்து தென்காசி போகும் சாலையில், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும் இரட்டை ஊர்கள் இவை. 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய ராஜபாளையம் மில்லைத் தொடர்ந்து நூற்பாலைகள் பெருகி, ராஜபாளையம் மில் ஊரானது. சத்திரப்பட்டிப் பக்கம் மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிகள் ஓடுகின்றன. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலின் ஊர். மாவட்ட நீதிமன்றம் இருக்கும் ஊர். கைத்தறிச் சேலைக்கும், 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவாவுக்கும் பெயர் பெற்ற ஊர். கிழக்கே சிவகாசியை நோக்கிப் போனால் பட்டாசும் தீப்பெட்டியும் அச்சகமும். மேற்கே மலையை நோக்கிப் போனால் தென்னந்தோப்பும் மாந்தோப்பும், செண்பகத்தோப்பு, அய்யனார் கோயில் பகுதிகளில் பளியர் குடியிருப்புகளும்.

ஒரே வகுப்பில் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் நான்கு பிள்ளைகளின் வீடுகளை எண்ணிப் பாருங்கள். ஒரு பிள்ளையின் அப்பா நைட் ஷிப்ட் முடித்துக் காலையில் தூங்குகிறார். இன்னொரு பிள்ளையின் அம்மா பட்டாசு ஆலை வண்டி பிடிக்க விடியும் முன்பே கிளம்பிவிடுகிறார். மூன்றாவது வீட்டில் தறி நின்றால் கூலி இல்லை. நான்காவது வீட்டில் நூறு நாள் வேலை உள்ள நாளும் இல்லாத நாளுமாகப் பொழுது போகிறது. இந்த நான்கு வீடுகளையும் ஒரே நேரத்தில் ஒரே அறையில் உட்கார வைப்பது எவ்வளவு கடினம் என்பதை வெளியூர் அதிகாரிக்கு விளக்க வேண்டியிருக்கும். உள்ளூர் ஆசிரியருக்கு வேண்டியதில்லை.

பிள்ளைகளின் உழைப்பையே குடும்பங்கள் நம்பியிருந்த காலம் ஒன்றும் இந்த விருதுநகர் மாவட்டத்துக்கு உண்டு. 1988-இல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் தொடங்கப்பட்டபோது அது முதலில் நடைமுறைக்கு வந்த இடங்களுள் சிவகாசியும் ஒன்று. அன்று தீப்பெட்டி ஒட்டிய பிள்ளைகளின் அடுத்த தலைமுறைதான் இன்று பெற்றோராகப் பள்ளி வாசலில் நிற்கிறது. தாங்கள் முழுதாகப் பெறாத படிப்பைத் தம் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்ற தவிப்பு அவர்களுக்கு உண்டு. படிப்பின் மேல் அக்கறையில்லாத பெற்றோர் என்ற பேச்சு இந்த மண்ணுக்குப் பொருந்தாது.

பிடி அரிசியும் சீரமைப்பு மாநாடும்

பள்ளிக்குக் கொடுக்கும் பழக்கம் இந்த மாவட்டத்தில் அரசுத் திட்டங்களுக்கு முந்தியது. விருதுநகரில் நாடார் சமூகத்தார் வணிகத்தில் ஒதுக்கிய மகமை நிதியைக் கொண்டு 1889-இல் சத்திரிய வித்தியாசாலையைத் தொடங்கினார்கள். வீட்டில் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைப் பள்ளிக்கென்று எடுத்து வைக்கும் வழக்கமும் அந்த ஊரில் இருந்தது. அப்படி ஊர் தாங்கிய பள்ளியில் படித்த சிறுவர்களில் ஒருவர் காமராசர். ஸ்ரீவில்லிபுத்தூரில் 1875-இல் திருநெல்வேலி ஆட்சியர் பென்னிங்டன் பெயரில் எழுந்த பொது நூலகம் இன்றும் இருக்கிறது. ராஜபாளையத்தில், 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதல்வராக இருந்த பூ.ச. குமாரசாமி ராஜா தம் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தார். ஆலை அதிபர்களும் அறக்கட்டளைகளும் கிறித்தவச் சபைகளும் நடத்தும் உதவிபெறும் பள்ளிகள் இவ்விரு ஊர்களின் கல்வி வரலாற்றில் பெரும் பங்கு வகித்தன.

இந்தப் பழக்கத்தை மாநிலக் கொள்கையாக்கியவர்கள் காமராசரும், அவர் காலத்தில் பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலுவும். 1956-இல் எட்டயபுரத்தில் தொடங்கிய மதிய உணவு முதலில் ஊராரின் ஈகையில்தான் நடந்தது. பின்னர் செலவில் பெரும்பகுதியை அரசு ஏற்றுக்கொண்டது. மிச்சத்தை அந்தந்த ஊர் திரட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. 1958-இல் செங்கல்பட்டு மாவட்டம் கடம்பத்தூரில் முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடு கூடியது. பள்ளிக்கு என்னென்ன தேவை என்று ஆசிரியர்களும் ஊராரும் சேர்ந்து பட்டியல் போடுவார்கள். யார் எதைத் தருகிறார்கள் என்பது மேடையில் அறிவிக்கப்படும். கட்டடத்துக்கு நிலம், கூரைக்கு ஓடு, பெஞ்சு, கடிகாரம், கரும்பலகை, பிள்ளைகளுக்குச் சீருடை என்று ஊர்கள் போட்டி போட்டுக்கொண்டு கொடுத்தன. சில ஆண்டுகளுக்குள் இது மாநிலம் முழுவதும் பரவியது.

அந்த மரபின் இன்றைய வடிவம் கல்விச் சீர். மேளதாளத்தோடு தாம்பாளத் தட்டுகளை ஏந்தி, பீரோ, மின்விசிறி, நாற்காலி, தண்ணீர்க் குடம், எழுதுபொருள் என்று ஊர்வலமாகப் பள்ளிக்குக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். பெண்ணுக்குச் செய்யும் சீரைப் பள்ளிக்கும் செய்யும் மனம் பெரிய மனம்தான். ஆனால் பிடி அரிசி முதல் கல்விச் சீர் வரை நீளும் இந்த வரலாற்றில் குடும்பம் ஏற்ற வேடம் கொடுப்பவர் வேடம். ஐந்தாம் வகுப்பு முடிக்கும் பிள்ளை ஒரு பத்தியைத் தடங்கலின்றி வாசிக்கிறதா என்று கேட்கும் இடம் அந்த வேடத்தில் இல்லை. கொடுத்தவர் வணங்கப்பட்டார், கேட்பவருக்கு நாற்காலி போடப்படவில்லை. இந்தக் குறையைப் பேசினால் கொடையாளர்களின் பெருமை குறைந்துவிடாது.

இடையில் இன்னொரு மாற்றமும் நடந்தது. ஊராட்சி ஒன்றியங்களின் கீழ் இருந்த தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் 1981-இல் அரசு ஊழியர்களானார்கள். ஆசிரியர்களுக்கு ஊதிய உறுதியும் மரியாதையும் கிடைத்த நியாயமான சீர்திருத்தம் அது. அடுத்த ஆண்டு சத்துணவுத் திட்டம் வந்து, பிள்ளைகளின் பசியை அரசு தன் பொறுப்பாக ஏற்றது. இவ்விரண்டும் நன்மைகளே. அவற்றோடு சேர்ந்து, பள்ளி யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற கேள்வியின் விடை ஊரிலிருந்து துறைக்கு நகர்ந்தது. பெயர்ப் பலகையில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி என்ற பெயர் இருந்தது. பெற்றோரோ பயனாளி என்ற இடத்துக்குப் போனார்கள்.

சட்டம் போட்டுத் தந்த நாற்காலி

அந்த நாற்காலியைச் சட்டமாகப் போட்டுத் தந்தது 2009-இல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம். அதன் 21-ஆம் பிரிவு ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் உதவிபெறும் பள்ளிக்கும் ஒரு பள்ளி மேலாண்மைக் குழு வேண்டும் என்கிறது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் அல்லது பாதுகாவலர். பாதிப் பேர் பெண்கள். பின்தங்கிய, நலிந்த பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு அவர்கள் தொகைக்கு ஏற்ற இடம். பள்ளி எப்படி நடக்கிறது என்று கண்காணிப்பதும், வளர்ச்சித் திட்டம் தயாரிப்பதும், வரும் பணம் சரியாகச் செலவாகிறதா என்று பார்ப்பதும் குழுவின் வேலை.

சட்டம் வந்த பிறகும் பல ஆண்டுகள் குழுக்கள் பதிவேட்டிலேயே வாழ்ந்தன. 2022 மார்ச்சில் தமிழ்நாடு அரசு 'நம் பள்ளி நம் பெருமை' என்ற பெயரில் 37 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் பெற்றோர் கூட்டங்களை நடத்தி, குழுக்களைப் புதிதாக அமைக்கத் தொடங்கியது. 20 பேர் கொண்ட குழுவில் 15 பேர் பெற்றோர். தலைவர் பெற்றோரில் ஒரு பெண்ணாக இருக்க வேண்டும். உள்ளாட்சிப் பிரதிநிதிகளும் இடம்பெற்றார்கள். 2024-இல் குழுக்கள் மீண்டும் அமைக்கப்பட்டபோது முன்னாள் மாணவர்களும் சேர்க்கப்பட்டு, உறுப்பினர் எண்ணிக்கை 24 ஆனது. கூட்டங்களுக்கு வெள்ளிக்கிழமை மாலை வழக்கமானது; தீர்மானங்களைப் பதிவுசெய்யச் செயலி வந்தது.

முன்பு இருந்ததோடு ஒப்பிட்டால் இது பெரிய மாற்றம். கூலி வேலைக்குப் போகும் ஒரு தாய், தலைமை ஆசிரியருக்குச் சமமாக உட்கார்ந்து கையெழுத்திடும் தலைவராகிறார். ஆனால் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. முதலாவது, 2012-இல் வந்த திருத்தத்தின்படி, சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளிலும் உதவிபெறும் மற்றப் பள்ளிகளிலும் இந்தக் குழு ஆலோசனை மட்டுமே சொல்லலாம். உதவிபெறும் பள்ளிகளுக்குப் பழைய வேர் உள்ள இந்த இரு ஊர்களில் இது சிறிய செய்தி ஆகாது. அரசு உதவி இல்லாத தனியார் பள்ளிகளுக்கோ குழு அமைக்கும் கட்டாயமே இல்லை. கட்டணம் கட்டிப் படிக்க வைக்கும் பெற்றோருக்குச் சட்டம் தரும் நாற்காலி அங்கே கிடையாது.

இரண்டாவது ஓட்டை, அரசுப் பள்ளிகளிலும் காணப்படுவது. குழு கூடும்போது முதலில் பேச்சுக்கு வருபவை கழிப்பறை, சுற்றுச்சுவர், குடிநீர், பழுதான மேற்கூரை, நிரப்பப்படாத ஆசிரியர் இடம். இவை முக்கியமானவை, பேசத்தான் வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற குறைகளைப் பேசுவது எல்லோருக்கும் எளிது. பிள்ளைகளுக்கு எழுத்து கூட்டத் தெரியவில்லை என்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. அதைப் பேச வேண்டுமானால் அது முதலில் பெற்றோருக்குச் சொல்லப்பட்டிருக்க வேண்டும்.

ஆய்வுகள் காட்டும் வழி

குழு அமைத்து, உரிமையைச் சொல்லிவிட்டால் பெற்றோர் தாமே திரண்டு பள்ளியைச் சீர்படுத்திவிடுவார்களா? உத்தரப் பிரதேசத்தின் ஜான்பூர் மாவட்டத்தில் 280 கிராமங்களில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். அபிஜித் பானர்ஜி, ருக்மிணி பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, ரேச்சல் கிளென்னர்ஸ்டர், ஸ்துதி கெமானி ஆகியோர் 2010-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கிராமக் கல்விக் குழு என ஒன்று இருப்பதே பெரும்பாலான பெற்றோருக்குத் தெரிந்திருக்கவில்லை. உறுப்பினர்களிலேயே ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்குத் தாம் உறுப்பினர் என்பது தெரியாது. சில கிராமங்களில் கூட்டம் போட்டுக் குழுவின் அதிகாரங்களை விளக்கினார்கள். வேறு சிலவற்றில், பிள்ளைகளின் வாசிப்புத் திறனைச் சோதித்து ஊரே மதிப்பெண் அட்டை தயாரிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். இவ்விரண்டாலும் பெற்றோரின் நடவடிக்கையிலோ பள்ளியிலோ கற்றலிலோ மாற்றம் வரவில்லை. மூன்றாவது வகைக் கிராமங்களில் உள்ளூர் இளைஞர்களுக்குச் சில நாள் பயிற்சி கொடுத்து, பிள்ளைகளுக்கு வாசிப்பு முகாம் நடத்தச் சொன்னார்கள். அங்கே தன்னார்வலர்கள் முன்வந்தார்கள். முகாமுக்கு வந்த பிள்ளைகளின் வாசிப்பு தெளிவாக முன்னேறியது.

ஊருக்குப் பொதுவாகச் சொல்லப்பட்ட செய்தி பலனளிக்காத இடத்தில், தன் கையால் செய்யக்கூடிய வேலை பலனளித்தது.

செய்தி மட்டுமே பலனளித்த சான்றும் உண்டு. பாகிஸ்தானின் பஞ்சாபில் 112 கிராமங்களில் தாஹிர் அந்த்ராபி, ஜிஷ்ணு தாஸ், அசிம் குவாஜா ஆகியோர் நடத்திய ஆய்வு 2017-இல் வெளியானது. பாதிக் கிராமங்களில், ஒவ்வொரு வீட்டுக்கும் அந்தப் பிள்ளையின் மதிப்பெண்ணும் ஊர்ப் பள்ளிகள் ஒவ்வொன்றின் சராசரியும் அட்டையாகத் தரப்பட்டன. பிள்ளைகளின் மதிப்பெண் உயர்ந்தது. பள்ளியில் சேர்ந்தவர் எண்ணிக்கை கூடியது. தனியார் பள்ளிக் கட்டணம் ஏறத்தாழ 17 சதவீதம் குறைந்தது. தென் அமெரிக்காவின் சிலி நாட்டில் ஏழைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளிலிருந்து வருகை, நடத்தை, கணக்கு மதிப்பெண் பற்றி வாரம்தோறும் மாதம்தோறும் பெற்றோரின் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி அனுப்பினார்கள். அங்கும் கணக்கு மதிப்பெண்ணும் வருகையும் உயர்ந்தன. ஊர்ப் பிள்ளைகள் பொதுவாக எப்படிப் படிக்கிறார்கள் என்பதை அறிவதற்கும், என் மகள் இந்த வாரம் எதைக் கற்றாள் என்பதை அறிவதற்கும் இடையே உள்ள வேறுபாடு இந்த முடிவுகளில் தெரிகிறது.

நமக்கு மிக அருகில் இருக்கும் சான்று கொரோனா காலத்துக்குப் பிந்தையது. அபிஜீத் சிங், மொரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் தமிழ்நாட்டின் நான்கு மாவட்டங்களில், 220 கிராமங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 19 ஆயிரம் பிள்ளைகளைத் தொடர்ந்து ஆய்வு செய்தார்கள். விருதுநகர் அந்த நான்கில் ஒன்று. பள்ளிகள் மூடிக் கிடந்ததால் பிள்ளைகள் இழந்தது மிக அதிகம். தமிழைவிடக் கணக்கில் இழப்பு கூடுதல். பள்ளிகள் திறந்த ஆறு மாதத்துக்குள் அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்த மீட்சியில் 24 சதவீதம் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தால் வந்தது என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். 2021 அக்டோபரில் தொடங்கிய அந்தத் திட்டத்தில், மாலையில் ஒரு மணி நேரமோ ஒன்றரை மணி நேரமோ, தெருத் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் சமுதாயக் கூடத்திலும் பாடம் நடத்தியவர்கள் அதே தெருவின் அக்காமார்கள். மாதம் 1,000 ரூபாய்தான் ஊக்கத்தொகை. பெற்றோர் அவர்களைப் பெயர் சொல்லி அழைப்பார்கள். வாசலில் நின்றே பிள்ளையைப் பற்றிக் கேட்பார்கள். பள்ளிக்கும் வீட்டுக்கும் இடையே செய்தி கொண்டுபோக ஓர் ஆளும் இந்தத் திட்டத்தால் கிடைத்தது. தொண்ணூறுகளில் அறிவொளி இயக்கம் பெரியவர்களுக்கு எழுத்தறிவிக்கத் தெருவுக்கு வந்த அதே வழி இது.

அரும்பு, மொட்டு, மலர்

வீட்டுக்கு என்ன செய்தி போக வேண்டும்? அதற்குரிய சொற்கள் ஏற்கெனவே வகுப்பறையில் இருக்கின்றன. 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், எட்டு வயதுக்குள் ஒவ்வொரு பிள்ளைக்கும் பொருள் புரிந்து படிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் தெரிய வேண்டும் என்ற இலக்கை வைத்தது. பிள்ளைகளை வகுப்பைக் கொண்டு மட்டும் பார்க்காமல், கற்றல் நிலையைக் கொண்டு அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து, அந்தந்த நிலைக்குரிய பாடத்தை அது கொடுத்தது. ஆசிரியர் இதை மதிப்பிட்டுச் செயலியில் பதிகிறார். சென்னையில் உள்ள அலுவலகத்துக்குத் தெரிகிற இந்த நிலை, பிள்ளையின் அம்மாவுக்கும் அதே தெளிவோடு தெரிய வேண்டும்.

"உங்க மக இப்ப மொட்டுல இருக்கா. மெய்யெழுத்து வரும் சொல்லை வாசிக்கிறா. ரெண்டு வரியைச் சேர்த்து வாசிக்கத் திணறுறா. தினமும் பத்து நிமிசம் சத்தமா வாசிக்கச் சொல்லிக் கேளுங்க." நான்கு வாக்கியம், அரை நிமிடம். இதில் நிலை இருக்கிறது, தடை இருக்கிறது, வீட்டுக்கான வேலையும் இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூடக் கேட்க முடியும். பிள்ளை எங்கே நிற்கிறது என்பது காதுக்கே தெரிந்துவிடும். படித்ததைக் கதையாகச் சொல்லச் சொல்லலாம். கணக்குக்கு வீட்டு வேலையே போதும்: இன்று எத்தனை மீட்டர் துணி இறங்கியது, ஒரு கிலோ பால்கோவாவில் கால் கிலோப் பொட்டலம் எத்தனை போடலாம், கடையில் கொடுத்த நூறு ரூபாயில் மீதி எவ்வளவு வர வேண்டும். பெற்றோர் படிக்காதவர்கள், அவர்களால் என்ன செய்ய முடியும் என்ற கேள்விக்கு இதுவே விடை. குடும்பப் பங்கேற்பை ஆறு வகையாகப் பிரித்துக் காட்டிய அமெரிக்கக் கல்வியாளர் ஜாய்ஸ் எப்ஸ்டைனின் வரிசையில் வீட்டுக் கற்றலும் தகவல் பரிமாற்றமும் தனித்தனி இனங்கள். முடிவெடுக்கும் குழுவில் உட்காருவது அந்த ஆறில் ஒன்று மட்டுமே.

எச்சரிக்கை ஒன்றும் வேண்டும். பிள்ளையின் நிலையைப் பலகையில் எழுதி ஊருக்குக் காட்டக் கூடாது. அரும்பில் இருக்கிறான் என்று தெரிந்ததும் வீட்டில் அடி விழுமானால் அந்தச் செய்தி போகாமல் இருப்பதே மேல். அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாமல், சென்ற மாதத்தில் அவனே இருந்த நிலையோடு ஒப்பிட்டுச் சொல்லும் பழக்கம் ஆசிரியரிடமிருந்து தொடங்க வேண்டும்.

அடுப்படியிலிருந்து வகுப்பறைக்கு

செய்தி போவதற்கு ஏற்கெனவே திறந்திருக்கும் இன்னொரு கதவைக் கவனிக்கத் தவறுகிறோம். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்டில் 31 ஆயிரத்துச் சொச்சம் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. பிறகு உதவிபெறும் பள்ளிகளுக்கும் வந்தது. சமைப்பவர்கள் மகளிர் குழுப் பெண்கள். அதே பள்ளியில் பிள்ளை படிக்கும் தாய்மாருக்கு முன்னுரிமை. உப்புமாவும் பொங்கலும் கிச்சடியும் விடிகாலையில் ஆக்கி முடிக்கும் அந்தப் பெண்கள், பள்ளியின் ஒவ்வொரு நாளையும் உள்ளிருந்து பார்க்கிறார்கள். யார் வரவில்லை, யார் சாப்பிடாமல் சோர்ந்திருக்கிறாள் என்பது அவர்களுக்குத் தெரியும். ஷிப்டுக்குக் கிளம்பும் பெற்றோர் பிள்ளையைக் கொண்டுவந்து விடும் நேரமும் அதுதான். மாலைக் கூட்டத்துக்கு வர முடியாத பெற்றோரை ஆசிரியர் பார்க்கக் கிடைக்கும் பொழுது காலைச் சாப்பாட்டு வேளை. பத்து நிமிடம் முன்னதாக ஓர் ஆசிரியர் வாசலில் நின்றால், நாளுக்கு நான்கைந்து வீடுகளோடு பேசிவிடலாம்.

கூட்ட நேரத்தையும் வட்டாரத்துக்கு ஏற்ப மாற்ற வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை மூன்று மணிக்கு வர வேண்டுமானால் மில் தொழிலாளிக்கு ஷிப்டு மாற வேண்டும். பட்டாசு வேலைக்குப் போகும் தாய்க்கு ஒரு நாள் கூலி போகும். ஆடிப்பூரத் தேரோட்டத்துக்கும் பூக்குழிக்கும் நாள் பார்த்து விடுமுறை விடும் ஊர்களுக்கு, ஆலை விடுமுறை பார்த்துப் பெற்றோர் கூட்டம் வைப்பது கடினமாக இருக்காது. ஆண்டுக்கு இரண்டு முறையாவது பள்ளியே தெருவுக்குப் போகலாம். கூட்டத்துக்கு வரும் தொழிலாளிக்கு அரை நாள் ஊதியத்தோடு அனுமதி தருவதாக ஆலைகள் முடிவெடுத்தால், அது ஒரு கட்டடம் கட்டித் தருவதற்கு எவ்விதத்திலும் குறைந்த கொடை ஆகாது.

யாருடைய குரல்

நலிந்த பிரிவினருக்கு அவர்கள் தொகைக்கேற்ற இடம் என்று சட்டம் சொல்வது எண்ணிக்கையோடு முடிந்துவிடக் கூடாது. ஊரில் பேசிப் பழகியவர்களே கூட்டத்திலும் பேசுவார்கள். தலித் குடியிருப்பிலிருந்து வரும் தாய், பளியர் குடியிருப்பிலிருந்து இறங்கிவரும் தகப்பன், பாட்டியிடம் பிள்ளையை விட்டுவிட்டு வெளியூரில் வேலை பார்ப்பவர், நூற்பாலை வேலைக்கு வட மாநிலத்திலிருந்து வந்து தமிழ் தெரியாமல் நிற்பவர் ஆகியோர் கடைசி வரிசையில் உட்கார்ந்து கைநாட்டு வைத்துவிட்டுப் போனால் குழு முழுமையானதாகாது. இவர்களின் பிள்ளைகளே பெரும்பாலும் அரும்பு நிலையில் நீண்ட நாள் நிற்கிறார்கள். செய்தி முதலில் போய்ச் சேர வேண்டிய வீடுகளும் இவையே. எழுத்தில் போகும் சுற்றறிக்கை இங்கே எட்டாது. கைப்பேசியில் ஒரு குரல் பதிவு, அல்லது நேரில் ஒரு வார்த்தை எட்டும்.

ஆசிரியரின் பக்கமும் நியாயம் உண்டு. இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்பைப் பார்க்கும் தொடக்கப் பள்ளிகள் தமிழ்நாட்டில் ஏராளம். செயலிப் பதிவுகளுக்கே ஒரு பொழுது போய்விடுகிறது. அவர்கள் தலையில் இன்னொரு வேலையை ஏற்றினால் அதுவும் பதிவேடாகிவிடும். துறைக்கு மேலே அனுப்பும் தகவலில் ஒரு பகுதியைக் குறைத்து, அந்த நேரத்தை வீட்டுக்குக் கீழே அனுப்பும் தகவலுக்குத் தர வேண்டும். அதேபோல, குடும்பத்தின் பங்கு என்ற பெயரில் அரசு தன் கடமையைத் தட்டிக்கழிக்கவும் கூடாது. ஆசிரியர் இடத்தை நிரப்புவதும், கட்டடம் கட்டுவதும், கழிப்பறைக்குத் தண்ணீர் விடுவதும் அரசின் பொறுப்பு. தாய் பத்து நிமிடம் வாசிக்கக் கேட்பது அந்தப் பொறுப்புக்கு மாற்றாக முடியாது.

செய்ய வேண்டியவை

இவ்வளவையும் தொகுத்தால், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஒன்றியங்களிலும் நகராட்சிகளிலும் அடுத்த கல்வியாண்டிலேயே தொடங்கக்கூடிய நான்கு வேலைகள் கிடைக்கின்றன. ஒவ்வொரு வகுப்பும் மாதம் ஒருமுறை, இந்த மாதம் என்ன கற்கிறோம், பிள்ளைக்கு எது வர வேண்டும், வீட்டில் என்ன செய்யலாம் என்று ஒரே பக்கத்தில் பெரிய எழுத்தில் அனுப்பி, அதையே குரல் பதிவாகவும் அனுப்புவது. ஒவ்வொரு பிள்ளையின் நிலையையும் பருவத்துக்கு ஒருமுறை பெற்றோரிடம் தனியாக, நேரில் சொல்வது. மேலாண்மைக் குழுக் கூட்டத்தின் முதல் அரை மணி நேரத்தைக் கற்றலுக்கென்று ஒதுக்கி, எத்தனை பிள்ளைகள் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்பதைப் பெயர் சொல்லாமல் எண்ணாக முன்வைப்பது. நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளே தங்கள் தெருவையும் பள்ளியையும் பற்றிச் செய்தித்தாள் எழுதி வீட்டில் வாசித்துக் காட்டுவது. அரசு இதழான ஊஞ்சலைப் படிக்கும் பிள்ளைகளுக்கு எழுதவும் வரும். எழுதியதைத் தாய் தகப்பன் கேட்கிறார்கள் என்றால் இன்னும் நன்றாக வரும்.

இவற்றில் ஒன்றுக்கும் புதுக் கட்டடம் வேண்டாம்; புது அரசாணைகூட வேண்டாம். பள்ளிக்கு அரிசி கொடுத்த, நிலம் கொடுத்த, சீர் கொண்டுவந்த இந்த வட்டாரத்துக்கு இனி தேவைப்படுவது கேள்வி கேட்கும் பழக்கமும் அதற்கு நேரான பதில் சொல்லும் பழக்கமும். பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் எந்த நாள், எத்தனை மணிக்கு என்று நாளைக் காலையில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். உங்களால் வர முடியாத நேரமானால் நேரத்தை மாற்றச் சொல்லுங்கள். வந்து உட்கார்ந்ததும், எங்கள் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு வாசிக்க வருகிறது என்று முதல் கேள்வியாகக் கேளுங்கள். அதைக் கேட்கும் உரிமையைச் சட்டம் உங்களுக்குக் கொடுத்திருக்கிறது.